காரைக் குடுத்திட்டு வாறன்

1

நேற்று எங்கள் யார்டுக்கு ஒரு பல் வைத்தியர் வந்தார். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறாராம். அதற்கு டர்போ இரண்டு வேண்டும், இரண்டும் ஒறிஜினலாக இருக்க வேண்டும் என்றார். காரின் பெயரையும் வருடத்தையும் கேட்டதுமே, கணினியைத் தொடாமல், "இல்லை" என்றேன்.

"பார்க்காமலே சொல்கிறீர்களே?"

"எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் மிஞ்சியிருந்த நல்ல ஒன்றைப் போன வருடம் நான்தான் வாங்கினேன். மற்றதை ஒசாகாவிலிருந்து எடுப்பித்தேன்."

மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. தன் சாதிசனத்தைக் கண்ட மாதிரி என் கையைப் பிடித்தார். "அப்போ உங்களிடமும் அந்தக் கார் இருக்கிறதா?"

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாது" என்றேன்.

அவர் போன பிறகும் எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு, குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வசந்தி. திருகோணமலைதான் சொந்த இடம். துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியின் ஸ்டோர்சில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தேன். ஊரை விட்டு வந்து பதினாறு வருடம். இப்போது ஓக்லண்டின் தெற்கே, பழைய கார்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் யார்ட் ஒன்றில், கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். நியூசிலாந்தில் இருக்கிறாள் என்றதும் பனிமலையும் செம்மறியாடும் உங்கள் கண்ணுக்குள் வரும். நான் தினமும் பார்ப்பது கதவில்லாத கார்களும் மழைத் தண்ணீரும்தான்.

அந்த இரண்டு டர்போவையும் நான் ஒரு காரை ஓட வைப்பதற்காகத் தேடவில்லை. என் அண்ணாவையும் அவர் குடும்பத்தையும் திருகோணமலையிலிருந்து கிளப்புவதற்காகத் தேடினேன்.

2

அண்ணா கணேசனுக்கு உள்துறைமுக வீதிப் பக்கம் கராஜ். கராஜ் என்றால் நாலு பக்கம் தகரம், நடுவில் ஒரு குழி. வீடு பாலையூற்றில். மச்சாள், அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். ஒரே மகள் துளசி உயர்தரம் படிக்கிறாள்.

துறைமுகத்தோரம் ஒரு தொழிற்சாலையில் ஜப்பான் பொறியியலாளர் ஒருவர் வேலை செய்தார். பெயர் நகாதா. எங்கள் சனம் அவரை நாகதம்பியர் ஆக்கிவிட்டது. "நாகதம்பியர் போறார்" என்று தெருவில் யாராவது சொன்னால் அவரே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதுதான் அந்தக் கார். ஓடுவதற்கு வீதியில்லாத ஊரில் அப்படி ஒரு வேகமான வாகனம் எதற்கென்று ஊரே கேட்டது. ஒவ்வொரு குழிக்கும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் அது போகும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவார். காரைத் தொட அவர் விட்டது அண்ணா ஒருவரைத்தான்.

சண்டை மறுபடி பிடித்த வருடம், தொழிற்சாலை தன் வெளிநாட்டு ஆட்களை ஒரே நாளில் கொழும்புக்கு எடுத்தது. நாகதம்பியர் கராஜுக்கு வந்து காரின் திறப்பை அண்ணாவின் கையில் வைத்து, கையைப் பொத்திவிட்டுப் போனார். அவருக்குத் தமிழ் வராது, அண்ணாவுக்கு ஜப்பான் பாஷை வராது. ஒரு கடதாசிகூட எழுதவில்லை.

அடுத்த மாதம் சம்பூர்ப் பக்கமும் மூதூர்ப் பக்கமும் சனம் இடம்பெயர்ந்தது. கராஜில் அண்ணாவுடன் வேலை செய்யும் நஸாரின் மனைவி, மூதூரிலிருந்து தன் தாய் வீட்டாரோடு கந்தளாய்க்குப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு. இரத்தம் நிறையப் போய்விட்டது, அவளுடைய வகை இரத்தம் குறைவு, ஆள் இருந்தால் உடனே வாருங்கள் என்று தகவல் வந்தது. அண்ணாவுக்கு அதே வகை. அன்றைக்கு பஸ் இல்லை. கராஜில் நின்ற வாகனங்களில் ஓடக்கூடியதாக இருந்தது நாகதம்பியரின் கார் ஒன்றுதான்.

இங்கே உங்களுக்கு டர்போவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நத்தை ஓடு மாதிரி ஒரு சாமான். என்ஜின் கழிக்கும் புகையாலேயே சுற்றி, காற்றை அமுக்கி, திரும்ப என்ஜினுக்குள் ஊதும். வேகம் அதனால்தான் வரும். இந்தக் காருக்கு வலமும் இடமுமாக இரண்டு. ஓடி வந்து நின்றதும் இரண்டும் நெருப்பாய்ச் சுடும். ஆகவே என்ஜினை நிப்பாட்ட முதல் ஒரு நிமிடமாவது சும்மா இயங்க விட வேண்டும். அந்த நேரம் ஒயில் சுற்றி அவற்றை ஆற்றும். படக்கென்று நிப்பாட்டினால் ஒயில் உள்ளேயே கருகிப்போகும்.

கந்தளாய் போகும் வழியில் அன்று பதினொரு சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. ஒவ்வொன்றிலும் துவக்கைக் காட்டி, என்ஜினை நிப்பாட்டு என்பார்கள். உடனே நிப்பாட்ட வேண்டும். ஒரு நிமிடம் பொறுங்கள், டர்போ ஆற வேண்டும் என்று யாரிடம் சொல்வது? அண்ணா பாய்ந்து ஓடினார், நிப்பாட்டினார், திரும்பப் பாய்ந்து ஓடினார். போய்ச் சேர்ந்து இரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். திரும்பி வரும்போது காரின் பின்னால் நீலப் புகை. கராஜில் கழற்றிப் பார்த்தபோது இரண்டு டர்போவும் முடிந்துவிட்டன.

3

அதே நாட்களில் நான் இங்கே அண்ணாவின் குடும்பத்துக்கு ஸ்பொன்சர் அலுவல் பார்த்து முடித்திருந்தேன். அதை அலுவல் என்ற ஒரு சொல்லில் சொல்வது அநியாயம். படிவத்தில் அண்ணாவின் 'குடும்பப் பெயர்' கேட்டார்கள். எங்களுக்கு ஏது? அப்பாவின் பெயரை எழுதினேன். என்னுடைய குடும்பப் பெயர் என்று என் கணவரின் பெயர் இருந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் எப்படி வேறு வேறு குடும்பம் என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்க விளக்கத்தைப் படித்துவிட்டு, கடைசியில் எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்து அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் எடுத்து அனுமதி வந்தது. கொழும்பில் மெடிக்கல் செய்து, கொடுத்த தவணைக்குள் வந்து சேர வேண்டும்.

அன்று பின்னேரமே அண்ணாவுக்கு எடுத்தேன். எனக்குப் பின்னேரம் என்றால் அங்கே மத்தியானம்.

"அண்ணா, எல்லாம் சரி வந்திட்டுது. வெளிக்கிடுங்கோ."

"இப்ப ஏலாது."

"ஏன்?"

"நாகதம்பியர்ட கார் நிக்குது."

நான் கத்தினேன். நாட்டில் சண்டை, துளசி பள்ளிக்கூடம் போனால் திரும்பி வரும் வரைக்கும் மச்சாள் பச்சைத் தண்ணி குடிப்பதில்லை, உங்களுக்கு ஒரு ஜப்பான்காரனின் கார்தானா பெரிது என்றேன்.

"வசந்தி, நான் அதைப் பழுதாக்கினனான்."

"ஒரு உயிரைக் காப்பாத்தத்தானே எடுத்தனீங்கள்? அந்த மனுசன் கேட்டாலும் ஓம் எண்டுதானே சொல்லியிருப்பார்?"

"குடுத்த ரத்தம் என்ட. ஓடின கார் அவர்ட."

இப்படிப் பேசுகிற ஆளுடன் என்ன கதைப்பது? லொறியின் டர்போவை வெட்டி ஒட்டிப் போடுங்கள், கொப்பிச் சாமான் மலிவாக வருகிறது என்று யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. நாகதம்பியர் தந்தபோது என்ன இருந்ததோ அதுதான் திரும்ப இருக்க வேண்டும், ஒறிஜினல் என்றார்.

"சரி, நான் தேடி அனுப்பினால்?"

அவர் சொன்னார்: "நீ ரெண்டையும் அனுப்பு. நான் போட்டு ஓட வைச்சு, கொழும்பில கொண்டு போய்க் காரைக் குடுத்திட்டு வாறன்."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். போனை வைத்துவிட்டு, "அண்ணா வாறாராம்!" என்று வீடு முழுக்கக் கத்தினேன். என் கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மகள் ஆரணி, வயது பத்தொன்பது, தமிழ் அவளுக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் படித்தும் வராத பாடம், சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"மாமா எங்க வாறார்?"

"எங்கையோ? இங்கதான், வேற எங்க!"

தமிழ் தெரியாத பிள்ளை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

4

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண் ஒருத்தி டர்போவைப் பற்றிக் கதைத்தால் இந்த ஊரிலும் ஆண்கள் மற்ற ஆளைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் என் முதலாளி பிறையன் 'பென்' கேட்டது எனக்கு 'பின்' என்று விழுந்து, நான் ஊசி கொண்டுபோய்க் கொடுத்தவள். இந்த நாட்டுக்காரரின் வாயில் எல்லா எழுத்தும் ஒரு படி இறங்கித்தான் வெளியே வரும். அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் உதிரிப்பாகங்களின் பத்து இலக்க எண்களை மனப்பாடமாக்கினேன். இப்போது பிறையனே என்னிடம்தான் எண் கேட்கிறார்.

கம்பனியின் அதிகாரபூர்வக் கடையில் விசாரித்தேன். அந்தச் சாமானை இப்போது செய்வதில்லை என்றார்கள். வடக்கிலிருந்து தெற்குவரை இருக்கும் யார்டுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். பெரும்பாலும் "போச்சு", "வித்தாச்சு". கடைசியில் ஹமில்ட்டன் பக்கம் ஒரு பால்பண்ணைக்காரர், தன் மகன் மரத்தில் மோதிய கார் கொட்டிலில் கிடக்கிறது என்றார். பிறையனின் வானில் போய், மாட்டுச் சாணத்துக்குள் குந்தியிருந்து பார்த்தேன். இடப்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. வலப்பக்க டர்போவின் வாய்க்குள் விரலை விட்டு, உள்ளே சுற்றும் சில்லை ஆட்டினேன். ஆட்டம் இல்லை. விரலால் தட்டியதும் சத்தமில்லாமல் சுற்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பண்ணைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இடப்பக்கத்தை வெளிநாட்டில்தான் தேட வேண்டும், அதற்குக் காரின் சேசி இலக்கம் கேட்பார்கள். அண்ணாவுக்கு ஒரு பெக்ஸ் அனுப்பினேன். 'வலப்பக்க டர்போ கிடைத்துவிட்டது, இடப்பக்கத்துக்கு இலக்கம் தேவை' என்று இங்கிலீசில், என் கையெழுத்தில். போனும் பெக்சும் உள்ள கொமினிகேஷன் கடையில் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணா போக, சென்றியில் பையைச் சோதித்திருக்கிறார்கள். மங்கிய பெக்சில் 'டர்போ' என்பது அவர்கள் கண்ணில் 'டோர்பிடோ', கப்பலை உடைக்கும் குண்டு, ஆகிவிட்டது. கடற்படைத் துறைமுகம் உள்ள ஊரில் ஒருவனின் பையில் 'டோர்பிடோ கிடைத்துவிட்டது' என்று கடதாசி இருந்தால்? மூன்று மணித்தியாலம் அண்ணாவை இருத்தி வைத்தார்கள். அவர் நிலத்தில் நத்தை கீறிக் காட்டியும் நம்பவில்லையாம். கடைசியில் நஸார் பழுதான டர்போ ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காட்டித்தான் விட்டார்கள்.

இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அந்த மூன்று மணித்தியாலமும் மச்சாள் வீட்டு வாசல் படலையில் நின்றதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அதன் பிறகு டர்போ என்ற சொல்லையே நாங்கள் போனில் எடுக்கவில்லை. ஊரில் யாருமே அந்த நாட்களில் போனில் ஒன்றையும் நேரே சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியாததல்ல. "மழை பெய்யுதோ?" என்றால் மழையைப் பற்றிய கேள்வி இல்லை. அண்ணாவும் நானும் 'ரெட்டைப் பிள்ளைகள்' என்று வைத்துக்கொண்டோம். வலம் மூத்தவர், இடம் இளையவர்.

"மூத்தவர் சுகமா என்னட்ட இருக்கிறார், அண்ணா. இளையவரைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கவனம். ரெண்டு பேரும் சேந்துதான் வர வேணும்."

கொமினிகேஷன் நடத்துகிற மனுசி காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். ஒரு கிழமைக்குள் பாலையூற்று முழுக்க, வசந்திக்கு நாற்பத்தாறு வயதில் ரெட்டைப் பிள்ளை, ஒன்று பிறந்துவிட்டது, மற்றது சிக்கல் என்று கதை. எங்கள் பெரியம்மா முறையான ஒருவர் பத்தியச் சரக்கு இடித்து, பொட்டலம் கட்டி, பார்சலில் போட்டுவிட்டார். இந்த நாட்டில் ஒரு விதை உள்ளே வந்தாலே துள்ளிக் குதிப்பார்கள். விமான நிலையத்துச் சோதனைக் கந்தோரிலிருந்து ஒரு பெண் எடுத்து, இந்த மண்ணிறத் தூள் என்ன, எதற்கு என்றாள்.

"பிள்ளை பெற்ற பெண்கள் சாப்பிடுவது" என்றேன்.

"ஓ! வாழ்த்துக்கள்! என்ன பிள்ளை?"

"இரும்பு" என்று வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, அழித்துவிடுங்கள் என்றேன்.

5

இளையவருக்காக நான் பட்டது ஐந்து மாதம். ஒருவன் 'நூறு வீதம் ஒறிஜினல்' என்று ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தான். எண் தகடு பழையது. ஆனால் தகட்டை அடித்திருந்த ஆணிகள் பளபளவென்று புதுசு. எங்கேயோ செத்த டர்போவின் தகட்டைக் கழற்றிக் கொப்பிச் சாமானில் அடித்திருக்கிறான். "தம்பி, ஆணியையும் பழசாக வாங்கியிருக்கலாம்" என்று தமிழிலேயே சொல்லிச் சாமானைத் திருப்பித் தள்ளினேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

கடைசியில் ஒசாகாவில் ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில், பெட்டி பிரிக்காத ஒன்று இருந்தது. மின்னஞ்சல் எழுதியது ஆரணி. அவளுக்கு என் மீது கோபம்தான், எல்லாம் மாமாவின் விசர் என்று. ஆனாலும் இருந்து எழுதினாள், அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் போட்டாள். பெட்டி வந்த அன்று இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "அழகா இருக்கு, என்னம்மா" என்றாள். அவளோடு நான் சண்டையில்லாமல் இருந்த நல்ல பின்னேரங்களில் அது ஒன்று.

கொழும்பு வரைக்கும் கப்பல். கொழும்பிலிருந்து நஸார் பொறுப்பெடுத்தான். ஒளிக்கவில்லை. பட்டியல், சீல், கடிதம் எல்லாம் எடுத்து, இரண்டையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனானாம். ஒரு சென்றியில் ஒரு ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்து பார்த்து, சில்லை விரலால் சுற்றிவிட்டு, எந்தக் கார் என்று கேட்டானாம். ஆமியில் சேர முதல் அவனும் கராஜில் நின்றவனாம். பெட்டியை அவனே திரும்ப ஒட்டிக் கொடுத்தான் என்று நஸார் சொன்னான்.

அந்தக் காரில் டர்போ மாற்றுவதற்கு என்ஜினையே வெளியே தூக்க வேண்டும். அண்ணாவும் நஸாரும் செயின் புளொக் போட்டுத் தூக்கி, பதினேழு நாள் வேலை. பிறகு ஒரு நாள் அண்ணாவின் போன். "கேள்" என்று மட்டும் சொன்னார். யாரோ போனைக் கராஜுக்குள் நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். தூரத்தில் என்ஜின் சத்தம், அதற்குள் மெல்லிசாக ஒரு விசில். நான் யார்டில், மழைக்குள், சத்தம் போட்டுச் சிரித்தேன்.

6

நாகதம்பியருக்குத் தொழிற்சாலை மூலம் தகவல் போய், கொழும்பில் காரைப் பொறுப்பெடுக்க ஆள் ஒழுங்காகிவிட்டது. அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பல். காரில் தன்னோடு மச்சாளும் துளசியும் கொழும்புக்கு வருவார்கள் என்றார் அண்ணா. எனக்கு வேறென்ன வேண்டும்? கார் கொடுக்கும் நாளுக்கு அடுத்த நாளே கொழும்பில் மெடிக்கலுக்கு நேரம் எடுத்தேன். போனில் நேரே சொல்வதில்லையே, அவர்கள் கொழும்பு வந்ததும் சொல்லலாம் என்று விட்டேன். முன்னறையைத் துப்புரவாக்கினேன். மூன்று கம்பளி வாங்கினேன். துளசிக்கு ஒரு கதிரையும் மேசையும் ஜன்னலோரம் போட்டேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி மச்சாள்தான் பிறகு சொன்னார். அண்ணா சிங்களத்தில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாராம். ஒவ்வொரு சென்றியிலும், நிப்பாட்டு என்றதும், இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "பொட்டக் இன்ன மாத்தையா, என்ஜிமட்ட விநாடியக்." கொஞ்சம் பொறுங்கள் ஐயா, என்ஜினுக்கு ஒரு நிமிடம். சிங்களத்தில் விநாடி என்றால் நிமிடம். துவக்கோடு நிற்பவனிடம் கேட்கிறார். முதல் சென்றியில் அவன் கத்தியிருக்கிறான். மச்சாள் துளசியின் தலையைப் பிடித்துக் குனிய வைத்திருக்கிறார். அண்ணா அசையவில்லை. திரும்பவும் அதையே சொல்லியிருக்கிறார், அதே குரலில். அவன் காரைப் பார்த்தான், அண்ணாவைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். ஒரு நிமிடம் போனது. அண்ணா நிப்பாட்டி, இறங்கி, அடையாள அட்டையைக் கொடுத்தார். வழி நெடுக அப்படியே. ஒரு இடத்தில்கூட அந்த ஒரு நிமிடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்டபோது எனக்குப் பதறியது, பெருமையாகவும் இருந்தது. என் அண்ணா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர்கள் கொழும்பு போனதற்கு அடுத்த நாள் மெடிக்கல் நிலையத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தார்கள். ஆட்கள் வரவில்லையாம். நான் நாள் முழுக்க யார் யாருக்கோ அடித்தேன். ஆஸ்பத்திரி, பொலிஸ் என்றெல்லாம் தலைக்குள் ஓடியது. மூன்றாவது நாள் அண்ணாவே எடுத்தார்.

"எங்க நிக்கிறியள்?"

"கராஜில."

"கொழும்பில எந்தக் கராஜ்?"

"என்ட கராஜில, வசந்தி. காரைக் குடுத்திட்டு அண்டைக்கே பஸ் எடுத்திட்டம்."

"வாறன் எண்டனீங்களே!"

"ஓம். குடுத்திட்டு வாறன் எண்டனான். வந்திட்டன்."

உங்களுக்கு விளங்கியிருக்கும். ஊரில் இருக்கும் எவருக்கும் விளங்கும். கடைக்குப் போகிறவனும் வாறன் என்பான், ஆஸ்பத்திரிக்குப் போகிறவனும் வாறன் என்பான். போறன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கிருந்து வெளிக்கிடுகிறார்களோ அங்கேதான் திரும்பி வருவார்கள். பதினாறு வருடம் வெளியில் இருந்த என் காதுக்கு மட்டும் அந்தச் சொல் ஓக்லண்டுக்கு விமானம் ஏறிவிட்டது. ஆரணி அன்றைக்குக் கேட்டது ஞாபகம் வந்தபோது நான் குளியலறையில் நின்றேன். தமிழ் தெரியாதது யாருக்கு என்று அதன் பிறகு நான் சொல்வதில்லை.

7

நாலு மாதம் நான் அண்ணாவோடு கதைக்கவில்லை. மச்சாளோடு கதைப்பேன், துளசியோடு கதைப்பேன், அண்ணா போனை வாங்கினால் வைத்துவிடுவேன். குடிவரவுத் தவணை முடிந்து, கோப்பை மூடிவிட்டதாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. "விடும், அந்தாள் வராது" என்றார் என் கணவர். விட ஏலாது என்றேன். கோயிலில் காணும் ஆட்களெல்லாம், "பாவம், உங்கட அண்ணா அங்க மாட்டுப்பட்டுப் போனார், என்ன?" என்று துக்கம் விசாரித்தார்கள். அவர் மாட்டுப்படவில்லை, வேண்டுமென்றே இருக்கிறார் என்று சொன்னால், ஏனாம் என்று கேட்பார்கள். ஆகவே ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வருவேன். அந்தக் கோபத்தையும் அண்ணாவின் தலையில்தான் போட்டேன்.

நேற்று அந்தப் பல் வைத்தியர் போன பிறகு, உதிரிப்பாகங்களுக்கு நடுவில் நின்று ஒன்றை ஒப்புக்கொண்டேன். துளசியின் படிப்புக்காக, மச்சாளின் பயத்துக்காக என்றெல்லாம் நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குக் கீழே வேறொன்று இருந்தது. நான் பயந்துதான் வந்தேன். பதினாறு வருடத்துக்கு முன் சண்டை தொடங்கிய ஒரு மாதத்தில், கையில் ஒரு பையோடு, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வந்தேன். அண்ணாவும் வந்துவிட்டால், அங்கே ஒருவராலும் இருக்க முடியாது, நான் வந்தது சரி என்று ஆகிவிடும். அவர் இருக்கிற ஒவ்வொரு நாளும், இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குச் சொல்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்று பின்னேரம் போன் எடுத்தேன். அண்ணாதான் வாங்கினார். இந்த முறை நான் வைக்கவில்லை. எழுதியதை அப்படியே சொன்னேன், இதைவிட மோசமாக, அழுகையும் மூக்குமாக.

அவருக்குப் பின்னால் யாரோ இரும்பில் தட்டும் சத்தம். பிறகு அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொன்னார்.

"நீ போனது பிழை எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீ அங்க இல்லாட்டி எனக்கு ஆர் அந்த ரெண்டையும் தேடி அனுப்பியிருப்பினம்? கொழும்பில காசைக் குடுத்தும் கிடையாத சாமான். சாணிக்குள்ள குந்தியிருந்து எடுத்தனி எண்டு நஸாருக்குச் சொல்ல அவன் நம்பேல்லை. நீ போனதாலதான் நான் அந்த மனுசன்ட காரைக் குடுக்கேக்க நிமிந்து நிண்டனான். விளங்குதோ?"

நான் ஓம் என்றேன்.

"நான் இங்க இருக்கிறன். பயமில்லை எண்டு இல்லை. இருக்கிறன். நீ அங்க இரு. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

பிறகு வழக்கமான குரலில், "சரி, பேனை எடு. ஒரு பழைய வானுக்கு டீசல் பம்ப் ஒண்டு தேவை. இங்க ஒறிஜினல் கிடையாது. நம்பரைச் சொல்லுறன், எழுது" என்றார்.

எழுதினேன். கடைசி இலக்கத்தை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.